பயிற்றுநர் இறங்கிய பிறகு பறப்பதற்கு என்ன பெயர்?

யீஷூன் ஆசிரியை:
வணக்கம். என் வகுப்புப் பையன் ஒருவன் சிலேத்தார் விமான நிலையத்தில் விமானம் ஓட்டப் பழகுகிறான். அடுத்த வாரம் முதல் முறையாகத் தனியே கிளம்பப் போகிறான், அதையே வகுப்பில் பேசத் தமிழில் எழுதியிருக்கிறான். 'ஃபர்ஸ்ட் சோலோ' வரும் இடம் மட்டும் காலியாகக் கிடக்கிறது. பயிற்றுநர் இறங்கிக்கொள்வார், மாணவர் மட்டும் மேலேறி ஓடுபாதையை ஒட்டி ஒரு சுற்றுப் போய்த் தரையிறங்க வேண்டும். வெள்ளிக்குள் சொல் வேண்டும். 'தனிப்பறப்பு' போதுமா?

தெம்பனீஸ் ஐயா:
சிலேத்தாரிலா? பணக்காரர்களின் தனி விமானங்கள் வந்து நிற்கிற இடம் அது. தனிப்பறப்பு என்றால் அதைத்தான் நினைப்பார்கள். 'ஒற்றைப்பறப்பு' என்றால் ரிட்டர்ன் டிக்கெட் எடுக்காதது போல இருக்கிறது. புறநானூறு 27இல் 'வலவன் ஏவா வான ஊர்தி' இருக்கிறதே, வலவன் என்றால் ஓட்டுபவன், அதிலிருந்து 'தனிவலவு' என்று ஆக்கலாம்.

செங்காங் அக்கா:
ஐயா, அந்த ஊர்தியில் போகிறவர் செத்து விண்ணுலகம் போகிறவர்! பையனின் அம்மா காதில் விழுந்தால் என்ன ஆகும்? சீவக சிந்தாமணிக்கு வாருங்கள். அரசன் சச்சந்தன் போருக்கு நின்றுவிட, அவன் மனைவி விசயை மட்டும் மயிற்பொறியில் பறந்தாள். பொறியை வலமாகத் திருகினால் ஏறும், இடமாகத் திருகினால் இறங்கும். நம் முதல் சோலோ அவளுடையதுதான்.

உட்லண்ட்ஸ் தம்பி:
வயிற்றில் சீவகன் இருந்தானே அக்கா, அப்போது இரண்டு பேர் கணக்கு. இறங்கியதும் சுடுகாட்டில்.

நான் விமானப் பராமரிப்பில் இருக்கிறேன். இங்கே எல்லாரும் 'சோலோ' என்றுதான் சொல்கிறோம், அப்படியே விட்டுவிடுங்கள். தொல்காப்பியர் கூடத் தடுக்க முடியாது. சகரத்தோடு அ, ஐ, ஔ முதலில் வரக்கூடாது என்றார், ஓ வரலாம். சொல்லை விடுங்கள், ஓர் ஆள் எடை குறைந்ததும் விமானம் சட்டென்று மேலேறும், இறங்கும்போது தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும், எத்தனை முறை சொல்லிக் கொடுத்திருந்தாலும் முதல் தடவை பிள்ளைகள் திகைத்துப் போவார்கள். பையன் அதை எழுதியிருக்கிறானா?

தெம்பனீஸ் ஐயா:
எழுத்து இடம் கொடுத்தால் சொல் தமிழாகிவிடுமா தம்பி? அப்படிப் பார்த்தால் 'சோபா'வும் தமிழ்தான். 'விமானம்' என்று நாம் எழுதுவதே எனக்கு உறுத்துகிறது, வானூர்தி என்று...

செங்காங் அக்கா:
ஐயா, வெள்ளிக்கிழமை! 'தனித்துப் பறத்தல்' என்று வினையாகவே வைத்தால் தனியார் குழப்பம் வராது. 'முதல்முறை தனித்துப் பறந்தேன்' என்று பையன் வாயிலும் தடுக்காமல் வரும்.

யீஷூன் ஆசிரியை:
நன்றி அக்கா, அதையே போடுகிறேன். எடை குறைவதை அவன் எழுதவில்லை தம்பி, சேர்க்கச் சொல்கிறேன்.

உட்லண்ட்ஸ் தம்பி:
சரி. மேடையில் அவன் சோலோ என்று சொன்னால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.

தெம்பனீஸ் ஐயா:
எனக்கு உடன்பாடில்லை. 'தனித்து' என்பது கைவிடப்பட்டவன் போல ஒலிக்கிறது. கீழே பயிற்றுநர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டுதானே நிற்கிறார்? அப்புறம், அந்தச் சுற்றுக்கு 'வலம் வருதல்' என்று எழுதியிருந்தால் உடனே அடித்துவிடுங்கள். பொது வழக்கப்படி திருப்பங்கள் எல்லாம் இடப்பக்கம். இதற்குத் தனி இழை தொடங்கட்டுமா?

யீஷூன் ஆசிரியை:
வெள்ளி கழியட்டும் ஐயா.