மாடியில் கறுப்பு மணல், பீலி அடைத்துவிட்டது: அவசர உதவி

மாடிவீட்டுக்காரி: காலையில் எழுந்தால் மொட்டை மாடி முழுக்கக் கறுப்பு மணல். குழாய்த் தண்ணீரை அடித்துக் கழுவினேன். இப்போது பீலி அடைத்து, தண்ணீர் தேங்கி நிற்கிறது. எதை ஊற்றினால் கரையும்? பகல் வேலைக்கு ஸ்கூட்டரில் போகவேண்டும்.

பலெர்மோ தம்பி: எந்த ஊர் அக்கா?

வினாகிரி அண்ணை: சூடான வினாகிரி ஊற்றுங்கள். அதற்கு மிஞ்சிய அடைப்பு கிடையாது.

தெற்குக்காற்று: சகாராத் தூசி. சிரோக்கோ காற்று கொண்டுவந்து கொட்டியிருக்கும்.

பழைய உறுப்பினர்: சகாராத் தூசி செம்மஞ்சள், அவர் கறுப்பு என்று எழுதியிருக்கிறார். வாசித்துவிட்டுப் பதில் எழுதும் வழக்கம் இங்கே ஒழிந்துவிட்டது போலும். இது எட்னா எரிமலையின் சாம்பல். விறகுச் சாம்பல் அல்ல, நொறுங்கிய பாறையும் கண்ணாடித் துகளும். வினாகிரிக்கும் கரையாது, வேறெதற்கும் கரையாது. நனைந்தால் எடை இரண்டு மடங்காகலாம். கூரைக்கு அது நல்லதல்ல.

பலெர்மோ தம்பி: இங்கே பலெர்மோவில் ஒரு துகள்கூட விழவில்லையே ஐயா.

பழைய உறுப்பினர்: எட்னா சிசிலித் தீவின் கிழக்குக் கரையில் நிற்கிறது, பலெர்மோ மேற்கே இருக்கிறது. உயரத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். ஆகவே கிழக்குப் பக்க ஊர்களான சஃபெரானாவுக்கும் ஜார்ரேக்கும் கத்தானியாவுக்கும்தான் கொட்டும். பள்ளிக்கூடப் பாடம்.

பலெர்மோ தம்பி: 2002இல் லிபியா வரை போன சாம்பல் பலெர்மோவுக்கு வராதோ?

பழைய உறுப்பினர்: லிபியா தெற்கில் இருக்கிறது. அன்று காற்று வடக்கிலிருந்து வீசியது. வரைபடம் ஒன்று வாங்குங்கள்.

சுதா அக்கா: சண்டையைப் பிறகு பிடியுங்கள். தங்கச்சி, கூரை உறுதிதானா என்று முதலில் பாருங்கள். முகக்கவசம் போட்டு, பீலியின் வாயில் அடைத்திருப்பதைக் கரண்டியால் அள்ளுங்கள். காய்ந்து கிடப்பதை இலேசாக மட்டும் நனைத்துக் கூட்டுங்கள். கண்ணில் லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், விழியைக் கீறும். ஸ்கூட்டர் வேண்டாம், சாம்பலில் சக்கரம் வழுக்கும். 2024 ஜூலையில் கத்தானியாவில் இரு சக்கர வாகனங்களுக்கே தடை போட்டார்கள்; கார்களுக்கு மணிக்கு 30 கிலோமீட்டர்தான்.

வினாகிரி அண்ணை: வினாகிரியால் கெடுதல் ஒன்றும் இல்லையே?

மாடிவீட்டுக்காரி: கத்தானியாதான், சொல்ல மறந்துவிட்டேன். அள்ளியதும் தண்ணீர் இறங்குகிறது. பஸ்ஸில் போகிறேன். அள்ளியதை எங்கே போடுவது?

சுதா அக்கா: சிறு பைகளில் கட்டுங்கள், பாரம் அதிகம். வீட்டுக் குப்பையோடு கலக்க வேண்டாம். மாநகரசபை அறிவிப்பைப் பாருங்கள்.

பலெர்மோ தம்பி: சரி, கிழக்குக் காற்று வீசினால் பலெர்மோவுக்கு வருமா, வராதா? அதற்கு மட்டும் பதிலைக் காணோம்.