மண் மைதானத்தில் பழகிய பிள்ளைகளுக்குச் செயற்கைத் தரையில் பந்து நிற்பதில்லை

வணக்கம். கோவில்பட்டிக்கு அருகே ஒரு கிராமத்தில் 12 முதல் 14 வயது வரையுள்ள 16 பிள்ளைகளுக்கு மூன்று ஆண்டுகளாக ஹாக்கி பயிற்சி அளித்து வருகிறேன். தினமும் மண் மைதானத்தில்தான் ஆடுகிறோம். செயற்கைப் புல்தரை மாதம் ஒருமுறைதான் கிடைக்கிறது.

அங்கே வேகமாக வரும் பாஸை இவர்களால் நிறுத்த முடியவில்லை. மண்ணில் பந்து எகிறும் என்பதால் மட்டையை நிமிர்த்தி, வலக்கையை இறுக்கிப் பிடித்தே பழகியிருக்கிறார்கள். நீர் தெளித்த தரையில் பந்து தாழ்வாக வழுக்கி வரும்போது மட்டைக்கு அடியில் புகுந்துவிடுகிறது, அல்லது பட்டுத் தெறித்து எதிரணியிடம் போய்விடுகிறது. இடப்பக்கம் வரும் பந்தை மட்டையைத் திருப்பி வாங்குவது இன்னும் மோசம். பந்தை மட்டையால் தட்டிக்கொண்டே நன்றாக முன்னேறும் ஒரு சிறுமி, பந்து கடந்துபோன பிறகும் குனிந்து தன் மட்டையையே பார்த்துக்கொண்டு நின்றது மனதை விட்டு அகலவில்லை.

ஜூன் முதல் பள்ளியின் சிமெண்ட் தளத்தில் தினமும் 20 நிமிடம் சுவரில் அடித்து வாங்கும் பயிற்சி கொடுத்தேன். டென்னிஸ் பந்தையும், நனைத்த தார்ப்பாயையும் பயன்படுத்திப் பார்த்தேன். சிமெண்டில் சரியாக வாங்குபவர்கள், ஆட்டத்தில் ஓடிக்கொண்டே வாங்கும்போது பழைய பிடிக்கே திரும்பிவிடுகிறார்கள். மட்டையின் நீளம் அவரவர் உயரத்துக்குப் பொருந்துகிறதா என்றும் சரிபார்த்துவிட்டேன்.

மண் மைதானத்தை மட்டுமே வைத்துக்கொண்டு, ஓட்டத்திலேயே மட்டையைத் தாழ்த்திப் பந்தை மென்மையாக வாங்கும் பழக்கத்தை உருவாக்க, உங்களுக்குப் பலன் தந்த பயிற்சி எது?