பந்து ஓட்டத் தெரியும், நொண்டியடிக்கத் தெரியாது

வேளச்சேரி, பயிற்சியாளர்:

இங்கே ஒரு டர்ஃபில் எட்டிலிருந்து பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். போன வருஷம் ஒரு பையன் சேர்ந்தான். ஸ்டெப் ஓவர் (பந்துக்கு மேலே காலைச் சுழற்றி எதிராளியை ஏமாற்றுவது) பிரமாதமாகப் போடுவான், உள்ளங்காலால் பந்தை இழுத்துச் சட்டென்று திரும்புவான். எல்லாம் யூடியூப் பார்த்து வீட்டு ஹாலில் பழகியது. மேட்ச்சில் யாராவது தோள் உரசினால் போதும், விழுந்துவிடுவான்.

ஒருநாள் பந்தை ஓரமாக வைத்துவிட்டு, "நொண்டியடிச்சுக்கிட்டே அந்தக் கோன் வரைக்கும் போடா" என்றேன். வலது காலில் நாலைந்து எட்டு, இடது காலில் இரண்டே எட்டு, அவ்வளவுதான். கை இரண்டும் விறைத்துத் தொடையோடு ஒட்டியிருந்தன. தரையில் இறங்கும்போது முட்டி மடங்கவில்லை, உள்பக்கமாகச் சாய்ந்தது. அவன் ஏன் விழுகிறான் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. ஷாட் அடிக்கும்போது உடம்பு முழுக்க நிற்பது ஊன்றிய காலில்தான். அந்தக் கால் ஆடினால் அடிக்கிற கால் எவ்வளவு பழகியும் பந்து சொன்ன இடத்துக்குப் போகாது.

ஓடுவது, குதிப்பது, எறிவது, பிடிப்பது, ஒற்றைக்காலில் நிற்பது எல்லாம் வயது ஏற ஏறத் தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது, பழக வேண்டும். முன்பெல்லாம் நொண்டி, பாண்டி, பச்சைக்குதிரை, ஏழு கல் என்று தெருவே பழக்கிவிடும். இன்று அபார்ட்மென்ட் பிள்ளைக்கு அந்தத் தெரு இல்லை.

அதனால் முதல் இருபது நிமிடம் என் வகுப்பில் பெரும்பாலும் இந்த விளையாட்டுகள்தான். கூடவே காயத்தைத் தடுக்க ஃபிஃபா தந்த '11+ கிட்ஸ்' பயிற்சித் தொகுப்பிலிருந்தும் எடுக்கிறேன். 7 முதல் 13 வயதுக்கானது, மொத்தம் ஏழு பயிற்சிகள். அதில் ஒன்று விழுவது எப்படி என்று சொல்லித் தருகிறது! நாலு ஐரோப்பிய நாடுகளில் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள்: இதைச் செய்த பிள்ளைகளுக்குக் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. பிள்ளைகளின் உடல் ஒருங்கிணைப்பை அளக்க ஜெர்மனியில் 1974-இல் வந்த கேடிகே சோதனையிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்: தரையில் ஒரு மெல்லிய கட்டை, 15 விநாடிக்கு இரண்டு காலையும் சேர்த்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குதிக்க வேண்டும். இதில் தடுமாறுகிற பிள்ளை பந்தோடு திசை மாற்றும்போதும் தடுமாறுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

"ஃபீஸ் கட்டி நொண்டி விளையாடவா அனுப்புறோம்?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. ஆமாம், அதற்கும்தான். அந்தப் பையன் இப்போது தோள் கொடுத்துப் பந்தை மறைத்து நிற்கிறான்.

வியாசர்பாடி, பழைய ஆட்டக்காரர்:

கோச் சொல்வது சத்தியம். எங்க ஏரியாப் பசங்க சந்துக்குள்ளே ஆடி, சுவர், பைக், ஆட்டோ எல்லாத்தையும் ஒதுங்கி ஒதுங்கியே உடம்பைத் திருப்பக் கத்துக்கிட்டவங்க. நம்ம நந்தகுமார் ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்காக 2023 டுராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அடித்த கோலைப் போட்டுப் பாருங்க. பந்தை விடுங்க, இடுப்பைப் பாருங்க. ஆனா ஒண்ணு, சந்து மட்டும் போதாது. தலையைத் தூக்கிப் பார்த்துப் பாஸ் கொடுக்கிறதை எங்களுக்கு மைதானத்தில் அண்ணன்மார்கள்தான் உட்காரவெச்சுச் சொல்லிக்கொடுத்தாங்க. உடம்பு தயாரா இருந்தா அது சீக்கிரம் ஏறும், தானா வராது.

அண்ணா நகர், ஒரு அம்மா:

சார், என் பையனுக்குப் பதின்மூன்று வயது. இரண்டு வருஷமாக நன்றாக ஆடியவன், இந்தச் சில மாதமாகப் பந்தை அடிக்கப் போய்க் காற்றை அடிக்கிறான். பேன்ட் எல்லாம் குட்டையாகிவிட்டது. அகாடமியில் "கவனம் இல்லை" என்று வெளியே உட்கார வைக்கிறார்கள். ராத்திரி அழுகிறான்.

வேளச்சேரி, பயிற்சியாளர்:

மேடம், கவனக்குறைவு என்று முடிவு கட்ட வேண்டாம். பேன்ட் குட்டையாவதைப் பார்த்தால் இது வளர்ச்சியாகத்தான் தெரிகிறது. பையன்களுக்குச் சுமார் பதினாலு வயதை ஒட்டி, பெண்களுக்குப் பன்னிரண்டை ஒட்டி உயரம் வேகமாக ஏறும். கால் நீண்டுவிடும், பழைய கணக்கு கொஞ்ச நாள் தப்பும். மாதம் ஒருமுறை சுவரில் உயரம் குறித்து அகாடமியில் காட்டுங்கள். இந்த மாதங்களில் குதிக்கிற, வேகமாக ஓடி நிற்கிற பயிற்சியைக் குறைத்து, சமநிலைப் பயிற்சியைக் கூட்டச் சொல்லுங்கள். முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலித்தால் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். பையனிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள், தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பான்.