கத்திரி வெயிலில் ஜாக்கெட்டைக் கழற்றிய நாள்

வெயில் காலத்தில் பைக் ஓட்ட எந்த ஜாக்கெட் வாங்கலாம் என்று கேட்ட தம்பிக்கு என் அனுபவத்தையே பதிலாகச் சொல்கிறேன். "வேலூர் வெயிலில் ஜாக்கெட்டெல்லாம் போட முடியுமாண்ணா?" என்று நானும் ஒரு காலத்தில் எல்லோரிடமும் கேட்டவன்தான்.

வீடு சத்துவாச்சாரி, வேலை ராணிப்பேட்டையில். மார்கழிக் குளிருக்கு வாங்கிய கறுப்பு ஜாக்கெட் ஒன்று இருந்தது, உள்ளே கனத்த லைனிங். மே மாதம் ஒரு மதியம், வெயில் 40 டிகிரிக்கு மேல். பாலாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் மூச்சு முட்டியது. ஓரம் நிறுத்திக் கழற்றி, பின் சீட்டில் கட்டிவிட்டேன். பெருமுகை பக்கம் சர்வீஸ் ரோட்டில் மணல் கொட்டிக் கிடந்தது. முப்பது கிலோமீட்டர் வேகத்தில்தான் வந்தேன். முன் பிரேக்கைத் தொட்டதும் வண்டி இடப்பக்கம் சாய்ந்து இழுத்துக்கொண்டு போனது.

ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது. இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் இல்லை. நர்ஸ் அம்மா இடுக்கியால் ஒவ்வொரு கல்லாக எடுத்து டிரேயில் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சாயங்காலம் நண்பன் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஜாக்கெட் கட்டியது கட்டியபடியே இருந்தது, ஒரு கீறல்கூட இல்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

அதனால் தம்பி, வெயிலிலும் கழற்றத் தோன்றாத ஜாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். நான் இப்போது போடுவது வெளிர் சாம்பல் நிற மெஷ். மார்பிலும் முதுகிலும் வலை, தோளிலும் முழங்கையிலும் கெட்டித் துணி. விழுந்தால் தரையில் முதலில் தேய்வது அந்த இடங்கள்தான், அங்கேயும் வலை வைத்திருந்தால் வாங்காதீர்கள். தோளிலும் முழங்கையிலும் உள்ளே அடி தாங்க வைத்திருக்கும் ஆர்மரை வெளியே எடுத்து, ஈஎன் 1621-1 (EN 1621-1) என்ற ஐரோப்பியப் பாதுகாப்புத் தரம் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். அதிலேயே கூடுதலாக அடி தாங்கும் லெவல் 2 கிடைத்தால் நல்லது. முதுகில் பல ஜாக்கெட்டுகளில் வெறும் ஸ்பாஞ்ச்தான் இருக்கும், அதைத் தூக்கிவிட்டு, முதுகுக்கான தரமான ஈஎன் 1621-2 போட்டதை வையுங்கள். போட்டுப் பார்க்கும்போது கையைப் பிடித்துத் திருகுங்கள். ஆர்மர் முழங்கையை விட்டு நகர்ந்தால் அளவு சரியில்லை.

நம் பக்கம் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோலுக்குப் பஞ்சமில்லை. ரோட்டில் தேய்வதைத் தாங்க நல்ல தோலுக்கு நிகர் குறைவு. ஆனால் காற்றே புகாத தோல் ஜாக்கெட் கத்திரியில் வீட்டு ஆணியில்தான் தொங்கும். தோலைக் கிளவுஸில் வைத்துக்கொள்ளுங்கள், துளை போட்டதாக. ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், உள்துணி கழற்றித் துவைக்கிற மாதிரி இருக்கட்டும்.

இன்னொன்று. நம் தோலின் சூடு சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடாக இருந்தால் மெஷ் வழியாக வருவது அடுப்புக் காற்றுதான். வியர்வை ஆவியாவது மட்டுமே உடம்பைக் குளிர்விக்கும். நான் பருத்தி பனியனை நனைத்துப் பிழிந்து போட்டு, மேலே ஜாக்கெட் மாட்டுகிறேன். நம் ஊர் மே மாத மதியம் வறண்ட காற்று என்பதால் இது நன்றாகவே வேலை செய்கிறது. கடலோரப் புழுக்கத்தில் இந்த அளவுக்கு எடுபடாது.

இதைப் படித்த ஒரு தங்கை கேட்டது: அண்ணா, நான் காட்பாடியிலிருந்து வாணியம்பாடி வரை போவேன். நனைத்த பனியன் அவ்வளவு தூரம் தாங்குமா?

என் பதில்: தாங்காதும்மா, அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். மெஷ்ஷுக்கு மேலே காற்றைக் கொஞ்சம் தடுக்கிற மெல்லிய வெஸ்ட் ஒன்றைப் போட்டால் ஈரம் கூடுதல் நேரம் நிற்கும். பள்ளிகொண்டா தாண்டி ஒரு நிழலில் நிறுத்தி, மறுபடி நனைத்துக்கொள். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பு எவ்வளவு நீர் இழக்கிறது என்று தெரியாது. நிறுத்தும்போதெல்லாம் உப்புப் போட்ட மோர் குடி, நுங்கு கிடைத்தால் அதையும் விடாதே. ஜாக்கெட் ஜிப்பை மட்டும் திறந்து போட்டு ஓட்டாதே, விழுந்தால் அது உடம்பில் நிற்காது.