ஜப்பானியப் பாரம்பரிய உடையான கிமோனோவை உடுத்தியோ பார்த்தோ மறக்க முடியாத அனுபவம் உண்டா?

கியோட்டோவாசி:
வாடகைக் கடையில் உடுத்திவிட்ட கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், விடுங்கள். கியோமிசு கோயிலில் இருந்து இறங்கிப் பேருந்துக்கு நிற்கிறோம். எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா நேராக என் மனைவியிடம் வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. முதுகில் சரிந்திருந்த ஓபி, அதாவது இடுப்புப் பட்டையின் முடிச்சைத் தூக்கி, அடியில் மடிப்பை இழுத்துவிட்டு, கழுத்துப் பட்டையை நேராக்கி, இரண்டு தட்டு தட்டிவிட்டுப் பேருந்தில் ஏறிப் போய்விட்டார். அது அன்பா அதட்டலா என்று எங்கள் வீட்டில் இன்னும் வழக்கு ஓடுகிறது.

டோக்கியோ தமிழச்சி:
அன்பாவது! அந்த ஆட்களுக்கு இங்கே ‘கிமோனோ போலீஸ்’ என்றே பெயர். மே மாதப் புழுக்கத்தில் என் தோழி உள்துணி வைக்காத ஹிதோயே கிமோனோவில் வந்தாள். வழக்கப்படி அதற்கு ஜூன் பிறக்க வேண்டும். ரயிலில் முன்பின் தெரியாத ஒருவர், "ஜூன் இன்னும் பிறக்கவில்லையே" என்றார். அவள் முகம் சுருங்கிப்போனது. கி என்றால் உடுத்துவது, மோனோ என்றால் பொருள். வெறும் ‘உடுப்பு’. மேல்நாட்டு உடை வருவதற்கு முன் எல்லா உடைக்கும் பொதுவாக இருந்த பெயருக்கு இவ்வளவு சட்டமா?

நூல்கண்டு:
சட்டத்தை விடுங்கள், தையலைப் பாருங்கள். வீட்டுக்கார அம்மா தன் பாட்டியின் கிமோனோவைத் துவைக்கத் தையல் முழுவதையும் பிரித்துக்கொண்டிருந்தார். எல்லாம் நேர் வெட்டு என்பதால், துண்டுகளை மறுபடி இணைத்தால் சுமார் 12 மீட்டர் நீளத்தில் பழையபடி ஒரே துணி! வெளியே வெளுத்த ஊதா, தையலுக்குள் மடிந்திருந்த விரலகலத்தில் மட்டும் கத்தரிப்பூ நிறத்தில் பளீரென்று இருந்தது.

ஒசாகா அண்ணாச்சி:
தமிழச்சிக்கு: எல்லாச் சட்டமும் வீண் இல்லை. உடுத்துபவரின் இடப்பக்கம்தான் மேலே வர வேண்டும், ஆணோ பெண்ணோ. 719இல் அரசாணையே போட்டார்கள். மாற்றி உடுத்துவது இறந்தவர்களுக்கு. ஒரு கல்யாணத்தில் ஒருவர் அப்படி வந்து நிற்க, வரவேற்பில் இருந்த பெண் அவரை ஓரமாகக் கூட்டிப்போனதைப் பார்த்தேன். அவ்வளவுதான் என் கதை.

உடுத்தப் போகிறவர்களுக்குச் சில: செல்ஃபி கேமரா இடம் வலம் மாற்றிக் காட்டும், சரியாக உடுத்திய படத்துக்கும் திட்டு விழும், அதனால் பின் கேமராவில் எடுங்கள். ஓபிக்குக் கீழே எதையும் அவிழ்க்காதீர்கள். நாற்காலி நுனியில் உட்காருங்கள், சாய்ந்தால் முடிச்சு நசுங்கும். கழிப்பறைக்குப் போகுமுன் கிமோனோவின் தொங்கும் கைத்துணியை ஓபியில் சேர்த்துக் குத்த, துணி க்ளிப் இரண்டு கைப்பையில் இருக்கட்டும்.

கியோட்டோவாசி:
அண்ணாச்சி, க்ளிப் சரி. அன்பா அதட்டலா, அதைச் சொல்லுங்கள்.