ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ரூம் போடும்போது

[கேட்டவர்]
சிங்கப்பூரில் நம் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இடம் போதாமல், ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்கும் குடும்பத்துக்கும் தேக்கா (லிட்டில் இந்தியா), ஃபேரர் பார்க் பக்கம் ரூம் போட்டுக் கொடுப்பது நம்மில் பலரும் செய்வதுதான். விலை எவ்வளவு, பெருமாள் கோயில் நடக்கிற தூரமா, முஸ்தபா கடை பக்கமா என்று பார்ப்பதோடு சரி. ஹோட்டலுக்குள் வேலை செய்கிறவர்கள், விருந்தாளிகளிடம் திரும்பத் திரும்பப் பார்க்கிற சிக்கல்களையும் அவை எதனால் வருகின்றன என்பதையும் எழுதுங்கள்.

[ரிசப்ஷன், இரவு ஷிஃப்ட்]
ரூமுக்குள் போகும் முன்பே முதல் சிக்கல் வந்துவிடும். சென்னை, திருச்சி விமானங்கள் பலவும் ராத்திரி கிளம்பி விடியற்காலையில் சாங்கி விமான நிலையத்தில் இறங்குகின்றன. ஆறு மணிக்கு இறங்கினால் ஏழரைக்கெல்லாம் ஹோட்டல் வாசல். செக்-இன் பெரும்பாலும் மதியம் 2 அல்லது 3 மணிக்குத்தான். எழுபது வயதுக்காரர் தூக்கமில்லாமல் பறந்து வந்து, மறுபடி ஏழு எட்டு மணி நேரம் லாபி சோபாவில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார். கால் வீங்கிவிடும், மாத்திரை நேரமும் தவறும்.

இதற்கு ஒரே உருப்படியான வழி முந்தின ராத்திரிக்கும் சேர்த்துப் போடுவது. 10ஆம் தேதி காலை வருகிறார்கள் என்றால் புக்கிங் 9ஆம் தேதியிலிருந்து இருக்கட்டும். ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். நள்ளிரவுக்குப் பிறகு அன்றைய கணக்கை முடிக்கும்போது, வராத ஆளை ‘நோ ஷோ’ என்று போட்டுவிடுவார்கள். சில இடங்களில் அதோடு மொத்த புக்கிங்கும் போய்விடும். காலையில் வந்து நிற்பவருக்கு ரூமும் இருக்காது, கட்டிய காசும் வராது. ஹோட்டலுக்கே போன் போட்டு, “ரூம் 9ஆம் தேதி ராத்திரியிலிருந்து, ஆள் வருவது 10ஆம் தேதி காலை 7 மணி வாக்கில்” என்று சொல்லி, விமான எண்ணையும் கொடுங்கள். மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புக்கிங் ஆப்பில் எழுதும் குறிப்பு ரிசப்ஷனில் இருப்பவர் கண்ணில் படும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

அடுத்தது கார்டு. பணம் கட்டியது இங்கிருக்கும் மகன், செக்-இன் செய்வது அப்பா. கார்டும் கார்டுக்காரரும் எதிரில் இல்லையென்றால் பல ஹோட்டல்கள் ஒப்புக்கொள்ளாது. திருட்டுக் கார்டுக்குப் பயந்து வைத்த விதி அது, அப்பா மேல் சந்தேகப்பட்டு இல்லை. மகன் முன்கூட்டியே ஒப்புதல் படிவம் கேட்டு வாங்கி, நிரப்பி அனுப்பிவிட்டால் வாசலில் தர்க்கம் வராது. செக்-இன்னில் ஹோட்டல் பிடித்து வைக்கும் வைப்புத்தொகைக்கு டெபிட் கார்டு வேண்டாம். பிடித்து வைத்த தொகை கணக்குக்குத் திரும்ப ஒன்றிரண்டு வாரம்கூட ஆகும், அதுவரை அவர்கள் கைச்செலவுக்குத் திண்டாடுவார்கள்.

விலைக்குப் பக்கத்தில் ‘++’ என்று இருந்தால் 10% சேவைக் கட்டணமும், அதற்கு மேல் 9% ஜிஎஸ்டியும் சேரும். 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ரூம் முதலில் 220 ஆகி, கடைசியில் 239 வெள்ளி 80 காசில் வந்து நிற்கும்.

பாஸ்போர்ட்டைப் பதிவு செய்துவிட்டுக் கையிலேயே திருப்பித் தருவதுதான் முறை. வாங்கி வைத்துக்கொள்கிற இடம் நல்ல இடமில்லை. சிங்கப்பூர் வருகை அட்டையை வருகிற நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கிற தளம் அரசாங்கத் தளமே இல்லை. இன்னொன்று, தம்பிமார்கள் யாராவது மின்சிகரெட் கொண்டுவருவதாக இருந்தால் ஊரிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். 2018லிருந்து இங்கே கையில் வைத்திருப்பதே குற்றம்.

[கேட்டவர்]
கொண்டோவில் (தனியார் அடுக்குமாடி வீட்டில்) ஒரு வாரத்துக்குச் சல்லிசாகக் கிடைக்கிறதே அண்ணே, சமையலறையும் இருக்கிறது?

[ரிசப்ஷன், இரவு ஷிஃப்ட்]
வேண்டாம். தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக்கூடாது. வீவக வீட்டுக்கு ஆறு மாதம், அதிலும் சுற்றுப்பயணிகளுக்கு விடவே கூடாது. காவலாளி வாசலிலேயே மறித்தால் பெட்டியோடு தெருவில் நிற்கப்போவது உங்கள் அம்மா அப்பாதான்.

[ஃபயர் சேஃப்டி வேலை]
ரூமுக்குள் நுழைந்ததும் பெட்டியை வைத்துவிட்டு மறுபடி வெளியே வந்து, அவசரப் படிக்கட்டுக் கதவு வரைக்கும் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். நடக்கும்போது நம் ரூமுக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் எத்தனை கதவு என்று எண்ண வேண்டும். “இடப்பக்கம் நாலு, அஞ்சாவது படிக்கட்டு” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டால் மறக்காது. புகை மேலிருந்து கீழே இறங்கும். ‘எக்ஸிட்’ விளக்கு உயரத்தில் இருப்பதால் முதலில் மறைவதே அதுதான். அப்போது குனிந்து, சுவரைத் தடவிக் கதவை எண்ணித்தான் போக முடியும்.

லிட்டில் இந்தியாவின் கடைவீட்டு (கீழே கடை, மேலே வீடு என்று கட்டிய பழைய கட்டட) ஹோட்டல்களுக்கு இது இன்னும் முக்கியம். விலை குறைந்த ரூம்களில் பலவற்றுக்கு ஜன்னல் கிடையாது. திரைச்சீலை இருக்கும், விலக்கினால் சுவர்தான். சட்டப்படி அதில் தப்பில்லை. ஆனால் புகை சூழ்ந்தால் எட்டிப்பார்த்துக் கையசைக்க வழியில்லை. முதியவர்களுக்கும் மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கும் பத்து இருபது வெள்ளி கூடக் கொடுத்தாவது ஜன்னல் உள்ள ரூமாகப் போடுங்கள். படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் “ஜன்னல் வெளிப்பக்கம் பார்த்ததா?” என்று கேட்டே போடுங்கள்.

மணி அடித்தால் முதலில் கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடில்லையென்றால் மெதுவாகத் திறந்து, ரூம் கார்டும் செருப்பும் எடுத்துக்கொண்டு, கதவை மூடிவிட்டு, படிக்கட்டில் கீழே போக வேண்டும். கார்டு எதற்கென்றால், வழியில் புகை இருந்தால் திரும்பி வர நம் ரூம் ஒன்றுதான் பத்திரமான இடம். பல கட்டடங்களில் படிக்கட்டுக்குள் நுழைந்துவிட்டால் நடுமாடிக் கதவு உள்ளிருந்து திறக்காது. அதைத் தட்டிக்கொண்டு நிற்காமல் தரைத்தளம் வரை இறங்கிவிட வேண்டும். மின்தூக்கி கூடவே கூடாது. கதவு சுட்டால் திறக்காதீர்கள். துண்டை நனைத்துக் கதவடி இடுக்கில் திணித்துவிட்டு, தீயணைப்புக்கும் ஆம்புலன்சுக்கும் உள்ள எண்ணான 995க்கு அழைத்து ஹோட்டல் பெயர், மாடி, ரூம் எண் மூன்றையும் சொல்லுங்கள்.

நம் குடும்பங்களில் அதிகம் பார்ப்பது வேறொன்று. மூன்று ரூம் எடுத்திருப்பார்கள். பிள்ளைகள் இங்குமங்கும் ஓடுவதற்காக மூன்று கதவிலும் செருப்பைச் செருகித் திறந்தே வைத்திருப்பார்கள். தானாக மூடிக்கொள்கிற அந்தக் கனமான கதவுதான் தாழ்வாரத்துப் புகையை ரூமுக்குள் விடாமல் தடுப்பது. செருப்பைச் செருகிய கதவு இருந்தும் இல்லாததுதான். உள்ளுக்குள்ளேயே போய்வர இணைப்புக் கதவுள்ள ரூம் வேண்டும் என்று புக்கிங்கிலேயே கேளுங்கள். ‘பக்கத்துப் பக்கத்து ரூம்’ என்று கேட்டால் அது கிடைக்காது, இரண்டும் வேறு வேறு.

தேக்கா பக்கம் தங்குகிறவர்கள் கட்டடம் பழசாக இருக்கிறதே என்று கேட்பதுண்டு. 1986 மார்ச் 15 அன்று சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சேரும் இடத்தில் நியூ வோர்ல்டு ஹோட்டல் இருந்த ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் சரிந்து 33 பேர் மாண்டார்கள். 17 பேரை உயிரோடு மீட்டார்கள். கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் வடிவமைத்ததுதான் காரணம். அதற்குப் பிறகு வந்த சட்டப்படி, குடியிருப்பு அல்லாத கட்டடங்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறை பொறியாளர் சோதிக்க வேண்டும். பழசு என்பதாலேயே பயப்பட வேண்டியதில்லை.

[ஹவுஸ்கீப்பிங்]
அண்ணன் நெருப்பைச் சொன்னார், நான் தண்ணீரைச் சொல்கிறேன். நனைத்த வேட்டியை எங்கே காயப்போடுவது என்று ரூமைச் சுற்றிப் பார்ப்பார்கள். கட்டிலுக்கு மேலே சுவரிலிருந்து விரல் நீளத்துக்குப் பித்தளைக் கொக்கி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். ஹேங்கரை அதில் மாட்டிவிடுவார்கள். அது கொக்கி இல்லை, ஸ்பிரிங்க்ளர். கிட்டப் போய்ப் பாருங்கள். நடுவில் சிவப்புத் திரவம் அடைத்த மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கும். ரூம் சூடு 68 டிகிரியைத் தொட்டால் திரவம் விரிந்து குழாய் வெடிக்கும், தண்ணீர் பீச்சும். ஹேங்கர் இடித்தாலும் அதே குழாய்தான் உடையும். குழாய்க்குள் மாதக்கணக்கில் தேங்கிய கறுப்புத் தண்ணீர் முதலில் வரும். நிமிடத்துக்கு மூன்று நான்கு வாளித் தண்ணீர், வால்வை மூடும் வரை நிற்காது. மெத்தை, பெட்டி, பட்டுப்புடவை, கீழ்மாடி ரூம் எல்லாம் நாசம், அதற்கான பில்லும் வரும். துணி காயப்போடக் குளியலறையில் இழுத்து மாட்டுகிற கயிறு பல ஹோட்டல்களில் உண்டு. இல்லையென்றால் ஒரு ஸ்டாண்டு கேளுங்கள், கொண்டுவந்து தருவார்கள்.

ஊதுபத்தி, சாம்பிராணி, விளக்கு, கற்பூரம் எதையும் ரூமில் ஏற்ற வேண்டாம். ஊதுபத்திப் புகைக்கும் தீப்புகைக்கும் கூரையிலுள்ள புகை டிடெக்டருக்கு வித்தியாசம் தெரியாது. சுடுதண்ணீரில் குளித்துக் கதவைத் திறந்து போட்டால் வருகிற ஆவியே சில சமயம் அதைக் கிளப்பிவிடும். அது கத்தும் என்று பயந்து பிளாஸ்டிக் பையைக் கட்டி மூடுகிறவர்கள் உண்டு. ராத்திரி நிஜமாகவே தீப்பிடித்தால் அந்த ரூமில் தூங்குகிறவர்களை எழுப்ப ஒன்றும் இருக்காது. பேட்டரியில் எரிகிற சின்ன விளக்கு வாங்கிக் கொடுங்கள், காலையில் வீரமாகாளியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள்.

கெட்டிலில் பால் காய்ச்சுவது இன்னொன்று. தண்ணீருக்கென்று செய்த சாதனம் அது. பால் அடியில் ஒட்டித் தீய்ந்தால் சூடு ஏறி, பாதுகாப்பு சுவிட்ச் விழுந்து கெட்டில் நின்றுவிடும். பொங்கினால் கீழே உள்ள மின்தட்டில் இறங்கும், அது ஆபத்து. குழந்தைக்குப் பால் சுடவைக்க, கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து ஒரு கப்பில் ஊற்றி, பாட்டிலை அதில் நிறுத்தினால் போதும். இங்கே குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். சுடுதண்ணீர்ப் பக்கத்தை விட்டுவிட்டு, பச்சைத் தண்ணீர்ப் பக்கத்தில் பிடியுங்கள்.

ஊர் பிளக் இங்கே நுழையாது. மின்சாரம் அதே 230 வோல்ட்தான், ஆனால் சாக்கெட் மூன்று சதுரக் குச்சிக்கு உள்ளது. பேனாவால் மேல் துவாரத்தைக் குத்தித் திறந்து உருண்டைக் குச்சியைத் திணிப்பார்கள். பிடிப்பு இல்லாமல் தீப்பொறி வரும். பாதுகாப்பு முத்திரை உள்ள அடாப்டர் ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

பெரியவர்கள் விழுவது அதிகமும் குளியலறையில்தான். குளியல் தொட்டியின் விளிம்பு முழங்கால் உயரம் இருக்கும், ஈரக்காலோடு தாண்டவேண்டும். தொட்டி இல்லாத, நேரே நடந்துபோகும் ஷவர் உள்ள ரூம் என்று கேட்டுப் போடுங்கள். கிடைக்காவிட்டால் தொட்டிக்குள் போடுகிற ரப்பர் விரிப்பு கேளுங்கள். பிளாஸ்டிக் முக்காலி, வாளி, குவளை ஆகியவற்றைத் தேக்கா பக்க ஹோட்டல்களில் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள், தாங்களாகக் கொண்டுவந்து வைக்கமாட்டார்கள். ஒற்றைக் கைப்பிடிக் குழாயை முதலில் பச்சைத் தண்ணீருக்குத் திருப்பி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டுக்குக் கொண்டுவரச் சொல்லிக்கொடுங்கள். பல ஊர்க் குழாய்களில் சிவப்பும் நீலமும் தனித்தனி என்பதால் இதில் குழப்பம் வரும்.

டுரியானை ரூமுக்குக் கொண்டுவர வேண்டாம். வாசனை திரைச்சீலையிலும் ஏர்கானிலும் ஏறினால் அடுத்த ஆளுக்கு அந்த ரூமைக் கொடுக்க முடியாது, அபராதம் வரும். கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிடச் சொல்லுங்கள்.

[தாதி]
அக்கா சொன்னதோடு இன்சுலினையும் சேர்க்க வேண்டும். ரூமில் இருக்கிற சின்னக் குளிர்பெட்டியை நம்பாதீர்கள். குளிர்பானத்துக்கான பெட்டி அது, பலவற்றில் 10 டிகிரிக்குக் கீழே இறங்காது. திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். போதாததற்கு, சில ஹோட்டல்களில் வெளியே போகும்போது ரூம் கார்டைச் சுவரிலுள்ள மின்சாரத் துளையிலிருந்து எடுத்தால் அந்தப் பெட்டிக்கும் மின்சாரம் நின்றுவிடும். பெயரும் ரூம் எண்ணும் எழுதிய டப்பாவில் போட்டு ரிசப்ஷனில் கொடுத்து, மருந்து வைக்கிற குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். உறைபெட்டியில் வைக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள், உறைந்த இன்சுலினைத் தூக்கி எறிய வேண்டியதுதான். பயன்பாட்டில் இருக்கும் பேனா, பெரும்பாலான வகைகளில், ஏர்கான் ரூமில் வெளியிலேயே சுமார் நான்கு வாரம் இருக்கலாம். சரியான கணக்கு மருந்துப்பெட்டிக்குள் இருக்கும் தாளில் உண்டு.

கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை மாதிரியானவற்றைக் கொண்டுவரச் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன்அனுமதி வாங்கவேண்டி வரலாம். டிக்கெட் போட்டதுமே மருந்துப் பட்டியலை வாங்கிப் பாருங்கள்.

[லாபி பாதுகாப்பு]
ராத்திரி ரூம் போனில் “ரிசப்ஷனிலிருந்து பேசுகிறோம், உங்கள் கார்டு விழவில்லை, எண்ணை மறுபடி சொல்லுங்கள்” என்று அழைப்பு வந்தால் வைத்துவிட்டு, தாங்களே ரிசப்ஷனை அழைக்க வேண்டும், அல்லது காலையில் நேரில் போய்க் கேட்க வேண்டும். புக்கிங் ஆப்பின் பெயரில் “24 மணி நேரத்துக்குள் கார்டை உறுதிசெய்யுங்கள்” என்று லிங்க் வருவதும் அதே ரகம். சந்தேகம் வந்தால் மோசடி உதவி எண் 1799, எந்நேரமும் கேட்கலாம். கதவைத் தட்டி “மெயின்டனன்ஸ்” என்று சொன்னாலும், உள்தாழ்ப்பாளை எடுக்காமலே ரிசப்ஷனுக்குப் போன் போட்டு விசாரிக்கலாம். அதைத் தப்பாக எடுத்துக்கொள்கிற ஊழியர் கிடையாது. ரூம் எண்ணை லாபியில் உரக்கச் சொல்ல வேண்டாம், எண் எழுதிய அட்டை உறையையும் ரூம் கார்டையும் ஒன்றாக வைக்க வேண்டாம்.

[கேட்டவர்]
ராத்திரி நெஞ்சுவலி என்றால் அவர்கள் முதலில் எங்களைத்தான் அழைப்பார்கள். அது சரியா?

[தாதி]
இல்லை. முதலில் 995. நீங்கள் ஜூரோங்கிலிருந்து டாக்சி பிடித்து வரும் நேரத்தை வீணாக்கக்கூடாது. தமிழில்தான் பேசவரும் என்றால் உடனே ரிசப்ஷனை அழைத்து “ஆம்புலன்ஸ், நெஞ்சுவலி” என்ற இரண்டு சொல் சொன்னால் போதும், அவர்கள் 995ஐ அழைப்பார்கள். தாங்களே 995ஐ அழைத்தாலும் அடுத்த அழைப்பு ரிசப்ஷனுக்குத்தான். அப்போதுதான் ஊழியர் மின்தூக்கியைத் தரைத்தளத்தில் பிடித்து வைப்பார், ஹோட்டலில் இருக்கும் ஏஇடி கருவியை (நின்றுபோன இதயத்துக்கு மின்னதிர்வு கொடுப்பது) மேலே கொண்டுவருவார், ஆம்புலன்ஸ்காரர்களை நேரே ரூமுக்குக் கூட்டிவருவார். ரூம் கதவின் உள்தாழ்ப்பாளை எடுத்துவிட்டு வந்து உட்காரச் சொல்லுங்கள். தனியாக இருப்பவர் மயங்கிவிட்டால் கதவை உடைப்பதிலேயே நேரம் போய்விடும். குழந்தைக்கு ஏதாவது என்றால், தேக்காவிலிருந்து கேகே மகளிர், சிறார் மருத்துவமனை புக்கிட் தீமா சாலையிலேயே இருக்கிறது, அவசரப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்கும்.