சொல்லாத காதலை அழகுன்னு எனக்குச் சொல்லிக்கொடுத்தது படங்கள்தானா?

பின்வரிசை:

நாலு வருஷம் ஒரே அலுவலகம். அவங்களும் நானும் ஒரே திரைப்படச் சங்கத்துல உறுப்பினர். வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சதும் நேரா அங்க போயிடுவோம். ஓரத்துல இருக்கிற மூணு இருக்கைதான் எங்களுக்கு. அவங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவுல எங்க பைகள்.

அழுகை வர்ற காட்சியில அவங்க கண்ணாடியைக் கழட்டி மடியில வச்சுக்குவாங்க. அதுக்கப்புறம் படம் மங்கலாத்தான் தெரியும், ஆனாலும் திரையிலேருந்து பார்வையை எடுக்க மாட்டாங்க. எங்க வட்டத்துல அடுத்த மாசம் என்ன படம் போடலாம்னு கேக்கறப்போ, அந்தக் கண்ணாடியை நினைச்சுத்தான் நான் பேர் கொடுப்பேன்.

அப்படி நான் கொடுத்த பேர்ல ஒண்ணு வோங் கார் வாயோட 'இன் த மூட் ஃபார் லவ்' (2000). பார்க்காதவங்களுக்காகச் சொல்றேன். 1962ல ஹாங்காங். பக்கத்துப் பக்கத்து அறைகள்ல ரெண்டு தம்பதிகள் குடியிருக்காங்க. ஓர் அறையில இருக்கிறவரோட மனைவிக்கும் அடுத்த அறையில இருக்கிறவளோட கணவனுக்கும் உறவுன்னு மிச்ச ரெண்டு பேரும் கண்டுபிடிக்கறாங்க. அந்தக் கணவன், மனைவி முகத்தைப் படம் காட்டவே இல்ல. முதுகு தெரியும், குரல் கேக்கும், அவ்வளவுதான். மிச்ச ரெண்டு பேருக்குள்ள மெதுவா ஒண்ணு வளருது. பிரியப்போறோம்னு தெரிஞ்சதும் அந்தப் பிரிவை ஒத்திகை பார்க்கறாங்க. அவர் கையை விட்டுட்டு நடக்கறார். ஒத்திகைதான்னு தெரிஞ்சும் அவளால அழுகையை அடக்க முடியல. அங்க கண்ணாடி மடிக்கு வந்துச்சு. நான் திரையையும் பார்க்காம அவங்களையும் பார்க்காம முன் இருக்கையோட முதுகைப் பார்த்துட்டு இருந்தேன்.

ஒண்ணுமே சொல்லல. அவங்களுக்கு வேற நாட்டுல வேலை கிடைச்சுது. விமான நிலையத்துக்குப் பெட்டியைத் தூக்கிட்டுப் போனேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் ஒரு தடவை திரும்பினாங்க. என்னை இன்னிக்கும் உறுத்துறது அந்த நொடிதான். வலிச்சுது, உண்மை. ஆனா அந்த வலிக்குள்ளயே, 'இதை இந்தப் பக்கத்துலேருந்து, கண்ணாடி வழியா எடுத்தா எவ்வளவு நல்லா இருக்கும்'னு ஒரு நிறைவு. அந்த நிறைவோட வீட்டுக்கு வந்து தூங்கிட்டேன். ஆறு வருஷம் ஆச்சு.

பதினோரு நாளைக்கு முன்னாடி ஒரு செய்தி. 'அந்த ஹாங்காங் படம் மறுபடி பார்த்தேன்.' அவ்வளவுதான். இன்னும் பதில் போடல.

படம் பார்த்துப் பார்த்து, சொல்லாம இருக்கிறதுதான் உயர்ந்த காதல்னு நம்பிட்டேனோ? உங்கள்ல யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?

---

ஒட்டுமேசை:

சில வருஷம் படத்தொகுப்பு உதவியாளரா இருந்தவன். அந்தப் பக்கத்துலேருந்து ஒண்ணு சொல்றேன்.

சத்யஜித் ராயோட 'சாருலதா' (1964) கடைசிக் காட்சி ஞாபகம் இருக்கா? சாரு கையை நீட்டுறா, கணவன் பூபதியும் நீட்டுறான். ரெண்டு கையும் தொடறதுக்கு முன்னாடி படம் உறைஞ்சு நின்னுடும். அந்த இடைவெளி நம்மள இத்தனை வருஷமா ஏன் விடமாட்டேங்குது? ஒருத்தர் அதைப் பார்த்தார். இங்கதான் நிறுத்தணும்னு முடிவு பண்ணார். அந்தக் கைகளை நமக்குப் பக்கத்துல கொண்டு வந்து வச்சார்.

படத்துல யாரும் உண்மையில மௌனமா இருக்கறதில்ல. வாய் பேசாதப்போ கேமரா பேசிடுது. நீங்க சொன்ன படத்துலயே பாருங்க. அவங்க அந்தக் குறுகலான படியில நூடுல்ஸ் வாங்கப் போயிட்டு வர்றதைத் தவிர வேற ஒண்ணும் நடக்காது. ஆனா ஓட்டத்தை மெதுவாக்கி, இசையமைப்பாளர் உமேபயாஷியோட அந்த வயலினைப் போட்டதும் நமக்கு எல்லாம் தெரிஞ்சுபோகுது. அந்த இசையே 1991ல வந்த வேறொரு ஜப்பானியப் படத்துக்குப் போட்டது. இங்க எடுத்து வச்சதும் இவங்களோட மனசாவே ஆயிடுச்சு. அவங்க சொல்லாததை இன்னொருத்தர் எங்கிருந்தாவது தேடிக் கொண்டுவந்து சொல்லிடறார்.

உங்க நடு இருக்கைக்கு யார் குளோசப் வச்சாங்க? நீங்க முன் இருக்கையோட முதுகைப் பார்த்துட்டு இருந்தது அவங்களுக்கு எப்படித் தெரியும்? பார்வையாளரா நமக்கு எல்லாம் தெரியும், அதனால சொல்லாதது அழகா இருக்கு. அவங்க உங்க கதையில பார்வையாளர் இல்ல. எதிர்ல இருந்தவங்க. அவங்களுக்குத் தெரிஞ்சது ரெண்டு பைதான்.

---

அந்திமல்லி:

முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவள் நான். தம்பி, படங்களின் மேல் முழுப்பழியையும் போடாதீர்கள். நம் அகமரபு தன் ஐந்து திணைகளுக்கும் வகுத்த உரிப்பொருள்களைப் பாருங்கள்: புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல். சேர்ந்திருப்பதற்குக் குறிஞ்சி ஒன்று. மற்ற நான்கும் ஏதோ ஒரு வகையில் தொலைவைப் பற்றியவை. ஏக்கத்தைப் பாடுவது நமக்குப் புதிதன்று.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அந்த ஏக்கம் வாய்மூடி இருப்பதில்லை. தலைவி தோழியிடம் சொல்கிறாள், தலைவன் தேர்ப்பாகனிடம் சொல்கிறான். யாரும் கிடைக்காவிட்டால் தன் நெஞ்சையே எதிரில் நிறுத்தி, 'நெஞ்சே' என்று அழைத்துப் பேசுகிறான். கேட்பதற்கு ஆளில்லாத அகப்பாட்டு எனக்கு நினைவில்லை.

டேவிட் லீனின் 'பிரீஃப் என்கவுண்டர்' (1945) படத்திலும் இதுவே. லாரா தன் காதலை விட்டு வந்துவிடுகிறாள். அன்றிரவு, எதிரே குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் கணவனிடம் முழுக் கதையையும் மனத்துக்குள்ளேயே சொல்கிறாள். நாம் பார்ப்பது அவள் சொல்லாமல் சொன்ன அந்தக் கதையைத்தான். முடிவில் அவன் நிமிர்ந்து பார்க்கிறான். நீ எங்கோ தொலைவில் போயிருந்தாய், திரும்பி வந்ததற்கு நன்றி என்கிறான். என் கணவர் இருந்தவரை அந்த வரிக்கு நான் அழுததில்லை. இப்போது ஒவ்வொரு முறையும் அழுகிறேன்.

நீங்கள் சொன்ன ஹாங்காங் படத்தின் முடிவையும் எண்ணிப் பாருங்கள். அத்தனை ஆண்டுகள் அடக்கி வைத்தவரும் கடைசியில் அங்கோர் வாட் போகிறார். கல்சுவரின் ஒரு துளையில் வாய் வைத்துச் சொல்லிவிட்டு அதை மூடிவிட்டு நடக்கிறார். அவருக்கும் ஒரு சுவர் வேண்டியிருந்தது தம்பி.

---

நள்ளிரவுக்காட்சி:

நான் கொஞ்சம் வேற மாதிரி நினைக்கிறேன் அண்ணா. சொல்லணும்னு எல்லாரும் சொல்றாங்க, சரி. ஆனா அவங்க இப்போ எங்க இருக்காங்க, யாரோட இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?

'பாஸ்ட் லைவ்ஸ்' (2023) பார்த்தீங்கன்னா, சின்ன வயசுத் தோழன் நோராவைத் தேடி அவ்வளவு தூரம் வர்றான். கார் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் தெருவுல நின்னு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துட்டே இருக்காங்க. அவன் போனதும் அவ நடந்து வந்து வீட்டு வாசல்ல அழறா. யார் தோள்ல? அவ கணவன் தோள்ல. அந்தக் கணவன் வெளிய வந்து காத்துட்டு இருந்தான். அந்தப் படத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் அவன்தான். ஏங்குறவங்களைப் பத்தியே பேசறோம், பக்கத்துல இருந்து அதைத் தாங்குறவங்களைப் பத்தி யாரும் பேசறதில்ல.

சொல்லுங்க. ஆனா அவங்க ஏதாவது பதில் சொல்லியே ஆகணும்ங்கிற மாதிரி சொல்லாதீங்க.

---

பின்வரிசை:

மூணு பேருக்கும் நன்றி. அம்மா, நீங்க எழுதினதை ரெண்டு நாள் திரும்பத் திரும்பப் படிச்சேன். ஒட்டுமேசை சார், 'அவங்களுக்குத் தெரிஞ்சது ரெண்டு பைதான்'னு நீங்க எழுதின இடத்துல ஃபோனைக் கவுத்து வச்சுட்டேன்.

ஏன்னா அந்த இருக்கையில முதல் நாள் பையை வச்சது நான். அவங்க நடு இருக்கையிலதான் உட்கார வந்தாங்க. என் பை இருக்கிறதைப் பார்த்துட்டு அடுத்ததுல உட்கார்ந்தாங்க. அடுத்த வாரத்துலேருந்து அவங்க பையையும் அது மேல வச்சாங்க. அவங்களுக்கு அந்த இடைவெளி வேணும்னு நாலு வருஷமும் நான் எனக்கே சொல்லிட்டு இருந்தேன்.

தம்பி, நீ கேட்டது சரியான கேள்வி. எனக்குத் தெரியாது. அதனால கேள்வி எதுவும் வைக்காம எழுதினேன். நேத்து ராத்திரி அனுப்பினது இதுதான்:

'நானும் அந்தப் படத்தை அடிக்கடி நினைச்சுப்பேன். ஒத்திகைக் காட்சியில நான் திரையைப் பார்க்கல. நடு இருக்கையில முதல்ல பை வச்சது நான்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதை எடுத்துக் கீழ வைக்கணும்னு நினைச்சேன், வைக்கல. இதுக்கு நீங்க பதில் போடணும்னு இல்ல. உங்களுக்குத் தெரியணும்னு தோணுச்சு.'

காலையில பார்த்தேன், படிச்சிருக்காங்க.